புது ஆய்வு வந்திருக்கிறது, நம் ஓபியில் எதை மாற்றுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன ஊர் கிளினிக்கிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உட்காருகிற இளம் டாக்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் படிக்கலாம், தடையில்லை. ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம், உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஆய்வு வந்தது. சாயங்கால ஓபியிலேயே அதன்படி எழுத ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். ஏன் என்பதற்கு நாம் எல்லோரும் கண்ணால் பார்த்த ஒரு விஷயம் இருக்கிறது. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு கொரோனா நோயாளிகளின் உயிரைக் காப்பாற்றுகிறது என்று காட்டியது. அருமையான ஆய்வு, அதில் சந்தேகமே இல்லை. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2 என்பது 23.3 ஆனது. இதே ஆய்வில் மூன்றாவதாக ஒரு வரி உண்டு: ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் மருந்து எடுத்தவர்கள் 17.8 சதவீதமும் எடுக்காதவர்கள் 14 சதவீதமும் இறந்தார்கள், அதாவது அவர்களுக்குப் பயன் எதுவும் தெரியவில்லை, கெடுதலாகக்கூட இருந்திருக்கலாம்.

அந்த மூன்றாவது வரியை யார் படித்தார்கள்? 2021 இரண்டாம் அலையில் காய்ச்சல் வந்த முதல் நாளே, ஆக்சிஜன் அளவு 98 காட்டும்போதே, வீட்டில் இருந்தவர்களுக்கு ஸ்டீராய்டு எழுதப்பட்டது. மெடிக்கலில் சீட்டே இல்லாமலும் கிடைத்தது. சுகர் 400, 500 என்று ஏறியவர்கள் எத்தனை பேர்! அந்த வருட மே மாதத்தில்தான் கருப்புப் பூஞ்சை வந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் அறிவிக்க வேண்டியிருந்தது. தேவையில்லாத ஸ்டீராய்டும் கட்டுப்படாத சுகரும் சேர்ந்து அதற்கு வழி திறந்துவிட்டன. ஆய்வில் தப்பில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் மூச்சுத்திணறிக் கிடந்தவருக்குச் சொன்னதை, வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தவருக்குக் கொடுத்தோம். அதனால் எந்த ஆய்வை எடுத்தாலும் முதலில் நான் கேட்பது இதுதான்: அதில் இருந்தவர்கள் யார், எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் அவர்களில் ஒருவர்தானா?

முழு கட்டுரையையும் படிக்க நேரமில்லை. ஒரு நாளைக்கு நூறு பேர் வருகிறார்கள். எதை மட்டும் பார்ப்பது?

முடிவுரையை விட்டுவிடுங்கள். யாரைச் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள் என்று சொல்லும் பத்தியையும், முதல் இரண்டு அட்டவணைகளையும் படியுங்கள், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். வயது என்ன, கூட என்னென்ன நோய், எதோடு ஒப்பிட்டார்கள், அப்புறம் எதை அளந்தார்கள். இந்தக் கடைசிக் கேள்வியில்தான் ரொம்பப் பேர் வழுக்குகிறோம். 1989இல் வெளியான காஸ்ட் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். மாரடைப்புக்குப் பிறகு இதயம் தாளம் தப்பித் துடிப்பதை அடக்கும் மாத்திரைகள் அதுவரை தாராளமாகக் கொடுக்கப்பட்டன, ஈசிஜியும் அழகாக மாறியது. ஆனால் ஆய்வில் அந்த மாத்திரை சாப்பிட்டவர்கள்தான் அதிகமாக இறந்தார்கள். சுகரிலும் இதே கதை நடந்தது. 2008இல் அக்கார்டு ஆய்வில் 10,251 பேரில் ஒரு பாதிக்கு, மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவை 6க்குக் கீழே கொண்டுவரப் பாடுபட்டார்கள், அந்தப் பக்கம் 257 பேரும் சாதாரண சிகிச்சைப் பக்கம் 203 பேரும் இறக்கவே அதைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ரிப்போர்ட்டில் எண் குறைவதும் மனிதர் நன்றாக இருப்பதும் எப்போதும் ஒன்றாகவே போவதில்லை. 70 வயது தாண்டியவருக்கு 6.2 வரவில்லையே என்று நான்காவது மாத்திரையைச் சேர்ப்பதற்கு முன்னால், சுகர் ரொம்ப இறங்கி அவர் ராத்திரியில் வியர்த்து எழுந்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

"40 சதவீதம் குறைக்கிறது" என்று மருந்துக் கம்பெனி ரெப் சொல்கிறார். அது பெரிய விஷயமா இல்லையா?

எதில் 40 சதவீதம் என்று கேளுங்கள். நூறில் 10 பேருக்கு வருவது 6 ஆனாலும் 40 சதவீதம்தான், ஆயிரத்தில் 10 பேருக்கு வருவது 6 ஆனாலும் 40 சதவீதம்தான். முதலாவதில் 25 பேருக்கு மருந்து கொடுத்தால் ஒருவர் தப்பிக்கிறார், இரண்டாவதில் 250 பேருக்குக் கொடுக்க வேண்டும். அந்த 249 பேரும் காசு கொடுத்து, பக்கவிளைவையும் சுமந்துகொண்டு, பயனில்லாமல் சாப்பிடுகிறார்கள்.

நம்ம சென்னையிலேயே நடந்த ஒன்றைப் பாருங்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினரின் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். சும்மா விட்டவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்துவிட்டது. நடைப்பயிற்சி, சாப்பாட்டு மாற்றம் என்று விடாமல் சொல்லிக்கொடுத்தவர்களில் 39.3 சதவீதம், மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. கணக்குப் போட்டால் ஆறேழு பேரை நடக்கவும் சோற்றைக் குறைக்கவும் வைத்தால் ஒருவருக்குச் சுகர் வராமல் தடுக்கலாம். எந்தப் புது மாத்திரையின் விளம்பரத்திலும் இப்படி ஒரு எண்ணை நீங்கள் சுலபத்தில் பார்க்க மாட்டீர்கள். ஆனால் இதை எழுதித்தர சீட்டில் இடமில்லை, பேச வேண்டும், அதுதான் கஷ்டம்.

வருடக்கணக்காக ஆஸ்பிரின் 75 சாப்பிடும் பெரியவர்கள் வருகிறார்கள். மாரடைப்பு, பக்கவாதம் எதுவும் வந்ததில்லை. நிறுத்தச் சொல்லலாமா?

இது நிஜமாகவே நம் ஓபியில் தினமும் வருகிற கேள்வி, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 2018இல் மூன்று பெரிய ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. ஆஸ்பிரீ ஆய்வில் ஆஸ்திரேலியா, அமெரிக்காவைச் சேர்ந்த 19,114 முதியவர்கள், பெரும்பாலும் 70 தாண்டியவர்கள், இதய நோய் இல்லாதவர்கள். ஆஸ்பிரின் அவர்களுக்கு ஆரோக்கியமான ஆயுளைக் கூட்டவில்லை, பெரிய ரத்தக்கசிவு மட்டும் 2.8லிருந்து 3.8 சதவீதம் ஆனது. சுகர் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட அசெண்ட் ஆய்வில் 15,480 பேர், ஏழு வருடத்துக்கு மேல் பார்த்தார்கள்: மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியானவை 9.6லிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தன, பெரிய ரத்தக்கசிவு 3.2லிருந்து 4.1 சதவீதமாக ஏறியது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொண்டது. அரைவ் என்ற மூன்றாவதிலும் சொல்லிக்கொள்ளும்படி லாபமில்லை. 2022இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு, 60 வயதுக்கு மேல் இதற்காகப் புதிதாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

சரி, இதை நம்ம ஊரில் எப்படிச் செய்வது? முதல் வேலை, அவருக்கு நிஜமாகவே எதுவும் வந்ததில்லையா என்று தெரிந்துகொள்வது. "நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கீங்களா ஐயா?" என்று கேட்டால் "இல்லைங்க டாக்டர்" என்பார். "தொடை வழியாவோ கை வழியாவோ ட்யூப் விட்டுப் பார்த்தாங்களா, ஸ்பிரிங் வெச்சாங்களா?" என்று கேட்டால் கூட வந்த மகள் "ஆமா டாக்டர், மூணு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு வெச்சாங்களே" என்பார்! ஸ்டென்ட் வைத்தவர், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், பைபாஸ் செய்தவர், இவர்களுக்கு ஆஸ்பிரின் உயிர் காக்கிற மருந்து. இந்த 2018 ஆய்வுகள் அவர்களைப் பற்றியவையே அல்ல. பழைய பைலைப் பார்க்காமல், வாய்வார்த்தையை நம்பி நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

எதுவும் வந்ததில்லை என்று உறுதியானால், மலம் கருப்பாகப் போகிறதா, மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை கடையில் வாங்கிச் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். ஆஸ்பிரினும் அந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் குடலில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு நன்றாகவே கூடும். அப்புறம் பேசுங்கள். "இத்தனை வருஷம் சாப்பிட்டது வீணா?" என்று அவர் மனசுக்குள் ஒரு கேள்வி ஓடும், எழுதிக்கொடுத்த டாக்டர்மேல் சந்தேகம் வரும். அன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்று எழுதினார்கள், இன்று அதைவிடத் தெளிவாகத் தெரிகிறது என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். பக்கத்து டவுன் இதய டாக்டர் எழுதியதென்றால் அவருக்கு ஒரு போன் போட்டுவிட்டு நிறுத்துவது மரியாதை, பாதுகாப்பும்கூட.

பிரஷரின் மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்கிறார்களே, எல்லோருக்குமா?

2015இல் வந்த ஸ்பிரிண்ட் ஆய்விலிருந்து கிளம்பியது இது. 9,361 பேர், 50 வயதுக்கு மேல், இதய நோய்க்கான ஆபத்து கூடுதலாக உள்ளவர்கள். 140க்குக் கீழே என்பதைவிட 120க்குக் கீழே என்று வைத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஆண்டுக்கு 2.19 சதவீதத்திலிருந்து 1.65 ஆகக் குறைந்தன. அதே பக்கத்தில் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் கூடின. சுகர் உள்ளவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் அதில் சேர்க்கவே இல்லை. சுகர்காரர்களுக்கு 2010இல் வந்த ஆய்வில் தெளிவான லாபம் தெரியவில்லை, பிறகு 2024இல் சீனாவில் 12,821 பேரிடம் நடந்த பிபிரோட் ஆய்வில் தெரிந்தது. ஒரு கேள்விக்கு முழு விடை வர 14 வருடம் ஆகியிருக்கிறது, அதனால் முதல் ஆய்வோடு தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. ஸ்பிரிண்டில் பிரஷர் எடுத்த விதம்: அமைதியான இடத்தில் ஐந்து நிமிடம் உட்காரவைத்து, தானியங்கி மெஷினில் மூன்று முறை எடுத்து, சராசரி பார்த்தார்கள். நம் ஓபியில்? பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, கை காற்றில் தொங்க, "என்னம்மா போன மாசம் வரலையே" என்று பேசிக்கொண்டே எடுக்கிறோம். 158 காட்டும். முதுகு சாய்ந்து, காலைத் தரையில் வைத்து, கையை மேசைமேல் வைத்து ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் அவருக்கே 138 காட்டலாம். இப்படி எடுத்த 158ஐ வைத்துக்கொண்டு 120ஐ நோக்கி மாத்திரை கூட்டினால் அந்த அம்மா அதிகாலையில் பாத்ரூமில் விழுவார். புது இலக்கைப் பிடிப்பதற்கு முன்னால் ஓபி வாசலில் இரண்டு முதுகு வைத்த நாற்காலி போடுங்கள், சிஸ்டரிடம் சொல்லி உட்காரவைத்து எடுக்கச் சொல்லுங்கள். செலவே இல்லாத மாற்றம்.

வெளிநாட்டு ஆய்வெல்லாம் நம் மக்களுக்குப் பொருந்துமா?

சிலது பொருந்தும், சிலது பொருந்தாது. ஆனால் "அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு" என்று மொத்தமாகத் தள்ளுவதும் தப்பு. உலகமே நம்மிடமிருந்து கற்றுக்கொண்டதும் உண்டு என்பதை நம் மாணவர்களுக்கு நாம் சொல்லுவதே இல்லை, அது எனக்குப் பெரிய வருத்தம். 1950களில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப்பேரை சானடோரியத்திலும் பாதிப்பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். வீடு என்றால் எப்படிப்பட்ட வீடு! நெருக்கடியான ஒற்றை அறைகள், அரைவயிற்றுச் சாப்பாடு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணம், கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959இல் இது வெளியான பிறகு உலகம் முழுக்க காசநோய் வைத்தியம் வீட்டுக்கு வந்தது. இந்த ஆய்வை நடத்திய நிலையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அந்த நிறுவனமும் சேர்ந்து செய்த இன்னொன்று. ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு, 2023இல் வெளியானது. காசநோயாளி வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அவர்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துத் தரும் நல்ல சாப்பாடு இல்லாமலே மாத்திரை குணப்படுத்தும் என்று 1959 சொன்னது. வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வராமல் இருக்கச் சோறு வேண்டும் என்று 2023 சொல்கிறது. இரண்டும் முரண் இல்லை, கேட்ட கேள்வி வேறு. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இதே வழியில்தான்: நோய் உறுதியானதும் எடை, உயரம், மூச்சு விடும் வேகம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவர்களை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். இதற்கு லேப் வேண்டாம், எடை மெஷினும் உயரம் அளக்க டேப்பும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரும் போதும். உங்களிடம் அடுத்த முறை காசநோயாளி வரும்போது அவர் எடையைக் கேட்டு எழுதாமல், எடுத்து எழுதுங்கள். வீட்டில் எத்தனை பேர், அடுப்பு தினமும் எரிகிறதா என்பதையும் கேளுங்கள்.

பிரஷருக்கு இந்துப்பு நல்லதாமே? உப்பு பற்றிப் புதிதாக ஏதாவது உண்டா?

இந்துப்பும் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். நிறம் மாறினால் பிரஷர் குறையாது. நிஜமாகவே சான்று உள்ளது வேறு உப்புக்கு: கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்தது. சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரிடம், பக்கவாதம் வந்தவர்கள் அல்லது பிரஷர் உள்ள 60 வயது தாண்டியவர்களிடம், வீட்டு உப்பை மாற்றிக்கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் முடிவு: பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இல்லை. அவர்களுக்கும், ஸ்பைரனோலாக்டோன் மாதிரி பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். நம்மூரில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்காமலே பல வருடம் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஏராளம், அதனால் ரத்தம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு எல்லாம் பழசுதானே, புதிதாக என்ன இருக்கிறது?

பழசையே நாம் ஒழுங்காகச் செய்வதில்லை, அதை முதலில் சொல்கிறேன். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில், மேற்கு வங்கத்தின் பங்காவோனில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் டிரிப்ஸ் தீர்ந்துபோன நிலையில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் கொடுத்து, சுமார் 30 சதவீதமாக இருந்த காலரா சாவை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். இன்றும் நம் கிளினிக்குகளில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் சீட்டின் கடைசி வரியில்தான் வருகிறது, மேலே இரண்டு ஆண்டிபயாடிக். அம்மாவிடம் பாக்கெட்டைக் கொடுத்தால் மட்டும் போதாது, ஒரு லிட்டர் பாட்டிலைக் காட்டி முழு பாக்கெட்டையும் அதில் கொட்டச் சொல்ல வேண்டும். ஒரு டம்ளரில் கொஞ்சம் தூவிக் கலக்குவதுதான் வீடுகளில் நடக்கிறது.

புதிது என்றால் துத்தநாகம், அதாவது ஜிங்க் அளவு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராம் என்பது 2004 முதல் வழக்கம். அதைக் கொடுத்ததும் குழந்தை வாந்தி எடுக்க, அம்மா மறுநாள் நிறுத்திவிடுவார். இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் பார்த்த ஆய்வு 2020இல் வந்தது. 5 அல்லது 10 மில்லிகிராமும் வயிற்றுப்போக்குக்கு 20 போலவே வேலை செய்தது, அரைமணி நேரத்துக்குள் வாந்தி மட்டும் 19.3 சதவீதத்திலிருந்து 13.7, 15.6 என்று குறைந்தது. வாந்தி எடுக்கிற குழந்தைக்கு முழுதாக நிறுத்துவதைவிட அரை மாத்திரை கொடுக்கலாம் என்று சொல்ல எனக்கு இது போதும்.

இருமலுக்கு ஆண்டிபயாடிக் கேட்டு அடம்பிடிக்கிறார்கள். கொடுக்காவிட்டால் அடுத்த டாக்டரிடம் போய்விடுவார்களே?

சிலர் போவார்கள். சாதாரண நெஞ்சுச்சளி இருமல் சராசரியாகப் 18 நாள் இருக்கும், ஆனால் ஒரு வாரத்தில் நிற்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். முதல் நாளே "ரெண்டு, ரெண்டரை வாரம் இருக்கும், பயப்படாதீங்க, மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் திரும்ப வந்தாலோ உடனே வாங்க" என்று சொல்லிவிட்டால் எட்டாம் நாள் கோபமாக வருகிறவர்கள் குறைவார்கள்.

ரெப் கொடுக்கும் தாள்களை நம்பலாமா? வேறு எங்கே படிப்பது?

ரெப் அவர் வேலையைச் செய்கிறார். அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள், அந்தத் தாளை வைத்து மருந்து மாற்றாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். வெளியிட்டிருக்கும் தர சிகிச்சை வழிமுறைகள் இலவசம், ஒரு நோய்க்கு ஒரு பக்கம், செல்போனில் வைத்துக்கொள்ளலாம். ஒரு விஷயத்தைப் பற்றி வந்த எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடைபோடும் காக்ரேன் தொகுப்புகளில் எளிய சுருக்கம் மட்டும் படித்தால்கூடப் போதும்.

புது மருந்துதான் நல்லது என்று தெரிகிறது, ஆனால் அரசு ஸ்டாக்கில் இல்லை, வெளியே வாங்க நோயாளியால் முடியாது. என்ன செய்வது?

புதிது என்பதாலேயே அது மேலானது என்று முதலில் நினைக்காதீர்கள். 2002இல் வந்த ஆல்ஹாட் ஆய்வில் 33,357 பேர். பழைய, மலிவான நீர் மாத்திரையான குளோர்தாலிடோனும், அதைவிட விலையுயர்ந்த அம்லோடிபின், லிசினோபிரிலும் மாரடைப்பைத் தடுப்பதில் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. இன்று அம்லோடிபினே மலிவு, அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது, மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பெரிய ஆய்வுகளில் நோயாளிகள் பெரும்பாலும் மாத்திரையை இலவசமாகப் பெற்றுக்கொண்டு தொடர்ந்து சாப்பிட்டார்கள், அந்தப் பலன் அதனால் வந்தது. நீங்கள் 400 ரூபாய்க்கு எழுதும் புது மாத்திரையை அவர் இரண்டு மாதம் வாங்கி, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டும் ஜூன் மாதத்தில் நிறுத்திவிட்டால் அந்த ஆய்வு அவருக்குப் பொருந்தாது. அதனால் எழுதுவதற்கு முன் "மாசம் எவ்வளவு வரைக்கும் மருந்துக்கு முடியும்?" என்று வெளிப்படையாகவே கேளுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு பதில் சொல்லாதவர்களும் உண்டு, அவர்களிடம் காலி மாத்திரை அட்டையை அடுத்த முறை கொண்டுவரச் சொன்னால் தெரிந்துவிடும். இருதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் பாதித்தவர்கள் என்று புது மருந்தால் நிஜமாகவே பெரிய லாபம் அடையக்கூடியவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள், அவர்கள் பெயரைத் தனி நோட்டில் குறித்து, மாவட்ட ஆஸ்பத்திரி மருத்துவப் பிரிவுக்குக் கடிதத்தோடு அனுப்புங்கள், அங்கே கிடைக்கிறதா என்று மருந்தாளுநரிடம் முன்னதாகவே போனில் கேட்டுவிட்டு.